குளோரினைக் குறைக்கச் சொல்றவங்க அமெரிக்காவுல ஃபிளின்ட் ஊர்த் தண்ணிக் கதையை முழுசா படிச்சீங்களா?

சேலத்தான்: ஆத்துத் தண்ணியில மக்கின இலைதழைச் சத்தோட குளோரின் சேர்ந்தா டிரைஹாலோமீத்தேன்கிற வேதிப்பொருள் கூட்டம் உருவாகுது, குளோரோஃபார்மும் அதுல ஒண்ணு. நெதர்லாந்து ராட்டர்டாம்ல வேதியியலாளர் யோஹானஸ் ரூக் 1974லயே குளோரின் போட்ட தண்ணியில குளோரோஃபார்ம் இருக்குன்னு காட்டிட்டார். மிச்சிகன் மாநில ஃபிளின்ட்டில குடிதண்ணியில கலந்த ஈயத்தைப் பத்தித்தான் எல்லாரும் பேசுறாங்க. 2014 கடைசியில டிரைஹாலோமீத்தேனும் லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் வரம்பைத் தாண்டிச்சு. இன்னும் ப்ளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டணுமா?

மைதிலி: நடுவுல இருந்து கதை சொல்றீங்க. ஃபிளின்ட்டில அந்த வருஷம் ஏப்ரல்லதான் ஆத்துத் தண்ணிக்கு மாறினாங்க. ஆகஸ்ட்ல ஈ.கோலைங்கிற மலக் கிருமி தண்ணியில வந்து, காய்ச்சிக் குடிங்கன்னு அறிவிச்சாங்க. அதுக்குத்தான் குளோரினைக் கூட்டினாங்க. கனடா வாக்கர்ட்டன்ல 2000 மே மாசம் என்னாச்சு? மழையில மாட்டுச் சாணம் கிணத்துல இறங்கி 7 பேர் செத்தாங்க, சுமார் 2,300 பேர் படுத்தாங்க. அங்க ஆபரேட்டருங்க குளோரினை அளக்காமலே ரெஜிஸ்டர்ல லிட்டருக்கு 0.5, 0.75 மில்லிகிராம்னு எழுதிட்டிருந்தாங்க!

சேலத்தான்: அக்கா, வயித்துப்போக்குல செத்தா மறுவாரமே கணக்கு வந்துடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருபது வருஷம் கழிச்சு வந்தா யாரைக் கேக்கிறது?

மைதிலி: தொடர்பு இருக்குன்னு பல ஆய்வு சொல்லுது, மறுக்கலை. ஆனா அது கூடுதல் வாய்ப்பு. காலரா அப்படியா?

பம்ப்ஹவுஸ் மூர்த்தி: ரெண்டு பேரும் குளோரின்லயே நிக்கிறீங்க. கலங்கலுக்குப் படிகாரம் சரியா போட்டு, தெளியவிட்டு, மணல் ஃபில்டர் தாண்டினப்புறம் குளோரின் விட்டா, இலைதழைச் சத்து முன்னாடியே போயிடுறதால பெரும்பகுதி பிரச்சினை குறையும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன்ல 2000ல டிரைஹாலோமீத்தேனுக்குப் பயந்துதான் குளோரமினுக்கு (குளோரினோட அம்மோனியா சேர்ந்தது) மாறினாங்க. பழைய குழாய்ல இருந்த ஈயம் கரைஞ்சு வீட்டுக்கு வந்துச்சு.

நெல்லை பாலா: அண்ணே, ஆர்.ஓ. மாட்டினா முடிஞ்சுதே?

பம்ப்ஹவுஸ் மூர்த்தி: தம்பி, டிரைஹாலோமீத்தேனைப் பிடிக்கிறது பெரும்பாலும் அதுக்குள்ள இருக்கிற கார்பன் ஃபில்டர். அதை எப்ப மாத்தினீங்க? வெந்நீர்ல குளிக்கும்போது குளோரோஃபார்ம் ஆவியா மூக்குலயும் ஏறும். பாத்ரூம் ஜன்னலைத் திறந்து வைங்க.

சேலத்தான்: நெதர்லாந்துல குழாய்ல குளோரின் மிச்சமே வைக்காம விடுறாங்களே சார்?

பம்ப்ஹவுஸ் மூர்த்தி: அங்க லைன்ல 24 மணி நேரமும் பிரஷர் நிக்கும். நம்ம ஊர்ல ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி. சப்ளை நின்னதும் ஓட்டைக் குழாய் பக்கத்துச் சாக்கடையை உறிஞ்சும். கடைசி வீட்டுக் குழாய்லயும் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும்.

சேலத்தான்: அந்த 0.2ஐ தண்ணியில சோதனைத் திரவம் சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் பாத்து வீட்டிலயே அளந்துடலாம். டிரைஹாலோமீத்தேனை யார் அளக்கிறா? எங்க நகராட்சியில கேட்டா, அப்படின்னா என்னன்னு என்னையே திருப்பிக் கேக்கிறாங்க.

மைதிலி: அதைக் கேளுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன். குளோரினை நிறுத்தச் சொல்லாதீங்க.