தொழிலைப் பதிவு செய்யப் போனபோது: உங்கள் அனுபவம்?

அச்சகத்து மகள்
எல்லாரும் அலைச்சலைப் பற்றியே எழுதுகிறீர்கள். என்னை உறுத்துவது ‘உரிமையாளர் பெயர்’ என்ற ஒரு கட்டம்தான். அம்மா கணக்கு, அப்பா மெஷின், சித்தப்பா வெளிவேலை என்று ஓடிய அச்சகம். விண்ணப்பம் எழுதியவர் பேனாவைக் கட்டத்தில் வைத்தபடி “யார் பேரு?” என்றார். அம்மாவும் சித்தப்பாவும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா அம்மாவைப் பார்த்தார். “சீக்கிரம், பின்னாடி ஆள் நிக்கிறாங்க.” அப்பா பெயர் விழுந்தது. வங்கிக் கணக்கு, கடன் எல்லாம் அதன்படியே. சித்தப்பா இப்போதெல்லாம் கல்லாவில் காசு எடுக்கும்முன் கேட்கிறார்.

தையல் பட்டறை
அதற்குத்தான் பல பேர் உரிமையாளராகச் சேரும் கூட்டாண்மை இருக்கிறதே! பில் இல்லாமல் வாங்க மாட்டோம் என்று ஒரு பெரிய நிறுவனம் சொன்னதால் பதிவு செய்தோம். ஆர்டர் வந்தது, பணம்தான் இழுத்தடித்து வருகிறது. ஆனால் ஒன்று. முன்பு சோதனைக்கு ஆள் வந்தால் அக்கா கை தானாகக் கல்லாவுக்குப் போகும். இந்த முறை சுவரில் இருந்த சான்றிதழைக் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டு முழுசாகப் படித்துவிட்டு, பேசாமல் இறங்கிப் போனார். அதற்காகவே பதிவு செய்யலாம்.

பழைய கணக்கர்
எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. பெரு நாட்டின் லிமாவில் ஒரு சின்னத் தையல் பட்டறையைப் பதிவு செய்ய 289 நாள் ஆன 1980-களின் கதையை வைத்தே இன்னும் பேசுகிறோம். பதிவு செய்யாத தொழில்களைப் பற்றி 2013-ல் வெளியான இலங்கை ஆய்வைப் பாருங்கள். வழிமுறையைச் சொல்லி, கட்டணத்தையும் திருப்பித் தருகிறோம் என்றபோது பதிவு கூடவில்லை. இரண்டு மாத லாபத்துக்கு ஈடான பணம் தந்தபோதும் பாதிப் பேர்தான் வந்தார்கள். வராதவர்கள் அதிகம் சொன்ன காரணம் இடத்தின் உரிமைச் சிக்கல். பதிவு செய்தவர்களின் சராசரி லாபம் ஏறியது, அதுவும் பெரும்பாலும் வேகமாக வளர்ந்த சிலரால். என் கதையும் அதே. கடை இருப்பது தாத்தா பெயரிலுள்ள வீட்டில். அத்தைகள் கையெழுத்துப் போடவில்லை. அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் பங்கு யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள், அப்புறம் விண்ணப்பம். வீட்டுச் செலவையும் கடைக் கணக்கையும் பிரியுங்கள். உழைக்கிற எல்லாருக்கும், மனைவிக்கும்தான், சம்பளம் என்று ஏட்டில் ஏற்றுங்கள். கடன் கிடைக்கும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள்; வங்கி, பதிவுச் சான்றிதழோடு வரவுசெலவையும் பார்க்கும். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்யச் சொல்லும் நாடுகள் உண்டு. கடையை மூடினால் பதிவையும் ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் அபராதம் ஏறலாம்.

அச்சகத்து மகள்
பங்கைத்தான் எழுத உட்கார்ந்தோம். அம்மாவுக்குப் பாதி என்றதும் அப்பா சரி என்றார். சித்தப்பாவுக்கு எவ்வளவு என்பதில் நிற்கிறது.