பெபிங்கா (கோவாவோட அடுக்கடுக்கான கிறிஸ்துமஸ் இனிப்பு) அனுபவம் இருக்கா? இங்க கொட்டுங்க

வாஸ்கோ வாடகைக்காரன்:
டிசம்பர் 23 ராத்திரி. வீட்டுக்கார ஆன்ட்டி, "பெபிங்கா போடறேன், வந்து பாரு"ன்னாங்க. மஞ்சக்கரு, தேங்காப்பால், சர்க்கரை, மைதா, உங்களுக்குத் தெரிஞ்சதுதான். சட்டியில ஒரு கரண்டி மாவு, மூடி மேல தேங்காமட்டைத் தணல். அடுக்கு சிவந்ததும் நெய் விட்டு அடுத்த கரண்டி. ஏழு மணிக்கு ஆரம்பிச்சது, பத்தரைக்குத்தான் ஆறாவது அடுக்கு. ஆன்ட்டி போன் பேசப் போனாங்க. நான் ஆர்வக்கோளாறுல மூடியை இடுக்கியால தூக்க, அது சாய்ஞ்சு ஒரு கங்கு உள்ள விழுந்துச்சு. 'சொய்ங்'னு ஒரு சத்தம். கருப்பா ஒரு குழி. ஆன்ட்டி வந்து பார்த்தாங்க, திட்டல. ஸ்பூனால நோண்டி எடுத்துட்டு, சிலுவை போட்டுக்கிட்டு அடுத்த கரண்டியை ஊத்திட்டாங்க. கிறிஸ்துமஸ் அன்னிக்கு என் தட்டுல வந்த துண்டுல மட்டும் அந்தக் கருப்புப் பொட்டு. வேணும்னே வெச்சாங்களா?

ஏழடுக்கு:
ஆறு அடுக்கோட எண்ணிக்கையை நிறுத்தினா எப்படி? பழைய கோவா சாண்டா மோனிகா மடத்துல பெபியானான்னு ஒரு கன்னியாஸ்திரி, லிஸ்பனோட ஏழு மலைக்கு ஏழு அடுக்கு வெச்சதாத்தான் கதை. பாதிரியாருக்குப் பத்தலைன்னு அப்புறம் 14, 16 ஆச்சாம். மடத்துல வெள்ளைக்கருவை அங்கிக்குக் கஞ்சியாப் போடுவாங்க, மஞ்சக்கரு மிஞ்சும். 2023ல புவிசார் குறியீடும் வந்தாச்சு. என் அனுபவம்னா, பஞ்சிம் கடையில ஒரு பெட்டி வாங்கினேன், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு கேளுங்க: ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே தின்னாதீங்க, நெய் உறைஞ்சு மெழுகு மாதிரி இருக்கும். மெல்லிசா வெட்டி, தோசைக்கல்லை லேசா சூடாக்கி ரெண்டு பக்கமும் காட்டுங்க. மைக்ரோவேவ்னா பத்தே செகண்ட். பக்கத்துல வெனிலா ஐஸ்கிரீம். ஊருக்குக் கொண்டுபோனா எறும்பு ஜாக்கிரதை.

தஞ்சாவூர் சைவம்:
மலைக்கதையெல்லாம் யாரு பார்த்தா? எனக்கு வாஸ்கோ – வேளாங்கண்ணி ரயில்ல கிடைச்சுது. எதிர் சீட்டு கோவா பாட்டி, நேர்ச்சைக்குப் போறவங்க, ஒரு துண்டு நீட்டினாங்க. ஒவ்வொரு அடுக்கா, வாழைப்பட்டை உரிக்கிற மாதிரி உரிச்சு உரிச்சுத் தின்னேன். கடைசி அடுக்கு வாயில இருக்கறப்போ பாட்டி பெருமையா, "இருபது மஞ்சக்கரு!" துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. அவங்க முகத்தைப் பார்த்து முழுங்கிட்டேன். வீட்ல இன்னும் சொல்லல.

ஏழடுக்கு:
அதான் வாங்கறதுக்கு முன்னாடி கேக்கணும்கிறது.

வாஸ்கோ வாடகைக்காரன்:
நான் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலையே. அடுத்த வருஷமும் ஆன்ட்டி கூப்பிட்டாங்க. இடுக்கியை மட்டும் கையில தரல.