கனத்த பனியை வழிக்கும்போது இதயமும் இடுப்பும் எவ்வளவு தாங்கும்?

ஸ்காபுறோவாசி கேட்டது:

வணக்கம். 2025 பெப்ரவரி நடுப்பகுதியில் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்த புயல்கள் ரொறன்ரோவில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் பனியைக் கொட்டிவிட்டுப் போனது பலருக்கும் நினைவிருக்கும். அப்போதிருந்து என் மனத்தில் இருக்கும் கேள்வியை இங்கே முன்வைக்கிறேன். என் கணவருக்கு 54 வயது. நாள் முழுவதும் கணினிக்கு முன்னால் இருந்து செய்யும் வேலை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். புயல் ஓய்ந்த மறுநாள் விடியுமுன் எழுந்து, தேநீர்கூடக் குடிக்காமல் வெளியே இறங்கி, இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே முழுவதையும் ஒரே மூச்சில் வழித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வந்ததும் சில நிமிடங்கள் பேச முடியாமல் கதிரையில் சாய்ந்திருப்பார். அடுத்த இரண்டொரு நாட்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார். சொன்னால், "ஜிம்முக்குக் காசு கட்டாமல் கிடைக்கும் தேகப்பயிற்சி" என்று சிரிக்கிறார்.

இது உண்மையிலேயே இதயத்துக்கு ஆபத்தான வேலையா, அல்லது நான் வீணாகப் பயப்படுகிறேனா? வழித்தே ஆகவேண்டும் என்றால் எப்படி வழிப்பது?

கோண்டாவிலான் எழுதியது:

சகோதரி, நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து பனி வழித்து வருகிறேன், ஒன்றும் ஆகவில்லை. 1999 ஜனவரியில் ரொறன்ரோ நகர முதல்வர் இராணுவத்தையே உதவிக்கு அழைத்தாரே, அந்தப் பனியையும் கையால்தான் வழித்தோம். எங்கள் அப்பாமார் விடியமுன் தோட்டத்தில் இறங்கி மண்வெட்டியால் கொத்தியவர்கள். அந்த உடம்புக்கு இது ஒரு வேலையா? நல்ல ஷவலாக ஒன்று வாங்கிக் கொடுங்கள், போதும். இரும்பில் செய்ததை விட்டுவிட்டு, அகலமான, எடை குறைந்த பிளாஸ்டிக் ஷவலைப் பாருங்கள். தகட்டில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவினால் ஈரப் பனி ஒட்டாமல் வழுக்கி விழும்.

இயன்மருத்துவர் எழுதியது:

எண்ணெய் தடவும் யோசனை நல்லது. தோட்டம் கொத்தியதையும் பனி வழிப்பதையும் ஒன்றாக வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தோட்டக்காரர் அந்த வேலையை ஆண்டு முழுவதும் செய்தவர். அவருடைய தசையும் மூச்சும் அதற்குப் பழகியிருந்தன. மண்வெட்டி மண்ணைத் தன் பக்கமாக இழுக்கும் கருவி. கொத்தும்போது அதன் எடையே கீழ்நோக்கிப் பாதி வேலையைச் செய்துவிடும். ஷவலால் அள்ளும்போதோ குனிந்து, எடையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிய கைகளில் தூக்கி, இடுப்பைத் திருப்பி, பக்கவாட்டில் எறிகிறோம். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் முதுகெலும்புத் தட்டுகளுக்குக் குனிவதும் திரும்புவதும் எடையும் ஒரே நேரத்தில் சேர்வதைப்போலக் கேடு வேறில்லை.

எடையைக் கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். 6 மீற்றர் அகலமும் 10 மீற்றர் நீளமும் கொண்ட டிரைவ்வேயில் 25 சென்ரிமீற்றர் பனி என்றால் 15 கன மீற்றர். கடுங்குளிரில் விழும் தூள் பனி ஒரு கன மீற்றர் 100 கிலோவுக்கும் குறைவாக இருக்கலாம். பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழும் ஈரப் பனி 200 கிலோவைத் தாண்டும். ஆகவே உங்கள் கணவர் வேலைக்குப் போகுமுன் ஒன்றரைத் தொன்னிலிருந்து மூன்று தொன் வரையான எடையை இடம் மாற்றுகிறார். அதற்கும் மேலாக, வழித்து முடித்த பிறகு தெருப் பனியைத் தள்ளும் சிட்டி வண்டி வந்து டிரைவ்வேயின் வாயில் ஒரு வரம்பைக் கட்டிவிட்டுப் போகும். அந்த வரம்பு தெருப் பனியும் உப்பும் ஐஸ் கட்டிகளும் நசுங்கி இறுகியது. ஒரு கன மீற்றர் 400 கிலோ இருந்தாலும் வியப்பில்லை. களைத்துப்போன உடம்பு கடைசியில் போய் மோதுவது அதனுடன்தான். என்னிடம் வருபவர்களில் பலர் இடுப்புப் பிடித்தது அந்த வரம்பை அள்ளும்போதுதான் என்று சொல்கிறார்கள். ரொறன்ரோ நகரின் பகுதியான ஸ்காபுறோவின் பல தெருக்களில் அதைச் சிட்டியே பிறகு வந்து ஓரளவு திறந்துவிடும். அவசரமில்லாதவர்கள் காத்திருப்பது நல்லது.

விடிகாலை வேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். எழுந்தவுடன் குனிந்தால் அவற்றின் மீது விழும் அழுத்தம் பகலில் குனிவதைவிட அதிகம். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை நீண்டகாலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் இதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தியிருக்கிறார். எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகு வெளியே இறங்குவது இடுப்புக்கு மலிவான காப்புறுதி.

முறையைப் பொறுத்தவரை, முடிந்த இடமெல்லாம் தள்ளுங்கள், தூக்காதீர்கள். தூக்கியே ஆகவேண்டிய இடத்தில் ஷவலை அரைவாசிக்கு மேல் நிரப்பாமல், ஒரு கையைத் தகட்டுக்கு அருகே பிடித்து, முழங்காலை மடித்து எழுந்து, இடுப்பைத் திருப்பாமல் பாதங்களைத் திருப்பி, நேராக முன்னால் கொட்டுங்கள். தோளுக்கு மேலால் எறிவதை அடியோடு விட்டுவிடுங்கள். பெரும் புயலின்போது பனி விழ விழ இரண்டு மூன்று தவணையாக வழிப்பது, முழுவதும் விழுந்து இறுகிய பிறகு மல்லுக்கட்டுவதைவிட எவ்வளவோ மேல். மொத்த எடை அதேதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அது தள்ளக்கூடிய உயரத்தில் இருக்கும்.

இதயப்பிரிவுத்தாதி எழுதியது:

இடுப்பைப் பற்றி மேலே சொல்லப்பட்டுவிட்டது. எனக்குக் கவலை தருவது சகோதரி இடையில் எழுதிய வரிதான்: உள்ளே வந்ததும் சில நிமிடங்கள் பேச முடியவில்லை என்பது.

அமெரிக்காவில் 1990 முதல் 2006 வரை அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வில், பனி வழித்ததால் ஆண்டுக்குச் சராசரியாக 11,500 பேர் சிகிச்சை பெற்றதாகக் கணக்கிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு அடி முதுகில்தான் பாதிப்பு. இதயம் தொடர்பாக வந்தவர்கள் வெறும் 7 சதவீதம். ஆனால் அந்தக் கணக்கில் இடம்பெற்ற மரணங்கள் அனைத்தும் அந்த 7 சதவீதத்துக்குள்தான். கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான தரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டவர்கள், 20 சென்ரிமீற்றர் பனி பொழிந்த மறுநாளில் ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு, பனியற்ற நாளைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகரித்திருப்பதைக் கண்டார்கள். பெண்களிடம் அந்த அதிகரிப்புத் தென்படவில்லை. யார் ஷவலைப் பிடித்தார்கள் என்று அவர்கள் நேரடியாக அளக்கவில்லை என்றாலும், எந்த வீட்டில் யார் வழிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

காரணம் இப்படி. கால்களால் செய்யும் வேலையைவிடக் கைகளால் செய்யும் வேலை, அதே உழைப்புக்கு இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் கூடுதலாக ஏற்றும். கனத்ததைத் தூக்கும்போது நாம் அறியாமலே மூச்சை அடக்குகிறோம். அழுத்தம் மேலும் பாய்கிறது. குளிர்காற்று தோலிலும் இதயத்திலும் உள்ள குழாய்களைச் சுருக்குகிறது. ஆக, இதயத்துக்கு அதிக ஒட்சிசன் வேண்டிய அதே நேரத்தில் அதற்கு வரும் இரத்தம் குறையக்கூடும். மிச்சிகனில் பாரி ஃபிராங்க்ளின் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாத, ஆனால் பயிற்சிப் பழக்கமும் இல்லாத பத்து இளம் ஆண்களை ஈரப் பனி வழிக்க வைத்தார்கள். இரண்டே நிமிடங்களில் அவர்களுடைய நாடித்துடிப்பு உச்ச அளவின் 85 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அவர்களே பனி எறியும் இயந்திரத்தைத் தள்ளியபோது துடிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது.

இதை நம் சமூகத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தால் இன்னும் கவனம் தேவை. ஹமில்டன் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் சலீம் யூசுப் தலைமையில் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதாகவும், மற்றவர்களுக்கு அது ஏறத்தாழ 59 என்றும் தெரியவந்தது. உங்கள் கணவருக்கு 54. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, தேகப்பயிற்சி என்று அவர் சிரிப்பதற்கு மறுமொழியாகச் சொல்கிறேன். எந்தப் பயிற்றுநரும் இரண்டு மாதம் அசையாமல் இருந்தவரை உறைகுளிரில், உடலைச் சூடாக்காமல், உச்ச வேகத்தில் தொடங்கச் சொல்லமாட்டார்.

கோண்டாவிலான் எழுதியது:

தாதி சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் பயந்து உள்ளே இருந்தால் யார் வழிப்பது? ஆளைப் பிடித்தால் பருவம் முழுவதற்கும் சேர்த்துப் பணம் கேட்கிறார்கள். பெரும் புயலன்று எல்லாருக்கும் பிறகுதான் நம் வீட்டுக்கு வருகிறார்கள்.

இயன்மருத்துவர் எழுதியது:

உள்ளே இருக்கச் சொல்லவில்லை அண்ணை. மின்கலத்தில் ஓடும், பனி எறியும் சிறிய இயந்திரங்கள் இப்போது கிடைக்கின்றன. சாதாரணப் பனிக்கு அவை போதும், ஆனால் சிட்டி வண்டியின் வரம்பைப் பெரும்பாலும் வெல்லமாட்டா. பெற்றோல் இயந்திரம் வெல்லும். அதைக் கராஜுக்குள் வைத்து இயக்கக் கூடாது. அடைத்துக்கொண்டால் நிறுத்திய பிறகும் கையை உள்ளே விடக் கூடாது, தடியால்தான் கிளற வேண்டும். சுழலும் தகட்டில் இறுகியிருக்கும் விசை அடைப்பு நீங்கியதும் ஒரு சுற்றுச் சுற்றும். விரல்கள் போவது அப்படித்தான்.

ஸ்காபுறோவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவற்றை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வரம்பைப் பற்றியதை ஒப்புக்கொண்டார். இதயத்தைப் பற்றிச் சொன்னபோது, தன் கைக்கடிகாரம் நாடித்துடிப்பை அளப்பதாகவும், பனி வழிக்கும்போது அது 115ஐத் தாண்டியதே இல்லை என்றும், அதனால் தன் இதயம் நன்றாகவே இருக்கிறது என்றும் வாதாடுகிறார். இதற்கு என்ன சொல்வது?

இதயப்பிரிவுத்தாதி எழுதியது:

அவருடைய மாத்திரையின் பெயரைப் பாருங்கள். மெற்றோப்ரோலோல், அற்றெனோலோல், பிசோப்ரோலோல் என்று "லோல்" என முடிந்தால், அது பீற்றா தடுப்பான் வகை. அந்த மருந்து நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பது. எனவே கடிகாரம் காட்டும் எண்ணை வைத்து இதயம் படும் பாட்டை அளக்க முடியாது.

ஸ்காபுறோவாசி எழுதியது:

பிசோப்ரோலோல்தான்.

இதயப்பிரிவுத்தாதி எழுதியது:

அப்படியென்றால் கடிகாரத்தை மறந்துவிடட்டும். பேச்சை அளவுகோலாக வைக்கட்டும். வழித்துக்கொண்டிருக்கும்போது ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை என்றால் அப்போதே நிறுத்த வேண்டும். நெஞ்சில் பாரமோ இறுக்கமோ, தாடைக்கோ கைக்கோ முதுகின் மேற்பகுதிக்கோ பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ, தலைச்சுற்றலோ வந்தால் ஷவலைப் போட்டுவிட்டு 911ஐ அழையுங்கள்; நீங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம், முதலுதவி வண்டியிலேயே சிகிச்சை தொடங்கிவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. குடும்ப வைத்தியரிடம் போய், பனி வழித்த பிறகு சில நிமிடங்கள் பேச முடியாமல் இருப்பதை இங்கே எழுதியதைப் போலவே சொல்லி, ஓடுபொறியில் நடக்கவைத்து இதயத்தைச் சோதிக்கும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அந்த முடிவு வரும்வரை டிரைவ்வேயை வளர்ந்த பிள்ளைகளோ அயலவரோ காசுக்கு வருபவரோ பார்த்துக்கொள்ளட்டும்.