புதுப்பிப்பு: மே வெயிலில் நாயுடன் தஞ்சாவூர், தனுஷ்கோடி போய் வந்தோம்

சென்னையிலிருந்து காரில் போகிறோம், கோயிலுக்குள் நாங்கள் போகும் நேரத்தில் எங்கள் லேப்ரடார் மணியை எங்கே விடுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஏசி போட்டுக் காரிலேயே விடலாம் என்ற யோசனைக்கு மனம் ஒப்பவில்லை. இன்ஜின் நின்றுபோனால் பத்தே நிமிடத்தில் உள்ளே வெப்பம் இருப்பதைவிட 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

கைகொடுத்தது, 'விடியற்காலையில் போங்க, ஆள் மாற்றி ஆள் உள்ளே போங்க' என்ற பதில்தான். பெரிய கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. முதலில் மனைவி போய்வந்தார், அப்புறம் நான். எட்டரைக்கெல்லாம் அறைக்குத் திரும்பிவிட்டோம்.

எதிர்பாராதது இரண்டு. மாலை 5 மணிக்கு வெயில் தாழ்ந்துவிட்டதே என்று தார் ரோட்டில் இறக்கினால், மணி முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கினான். புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்த்தேன், ஐந்து எண்ணுவதற்குள் சுட்டது. உடனே மண் பக்கம் கூட்டிப்போய்ப் பாதத்தில் சாதாரணத் தண்ணீர் ஊற்றினேன். நல்லவேளை, கொப்புளம் இல்லை.

இன்னொன்று தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில். அலையில் விளையாடும்போது கடல் தண்ணீரை நக்கிக் குடித்துவிட்டான். ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம், காலையில் தெளிந்துவிட்டான். வாந்தியோ தள்ளாட்டமோ இருந்திருந்தால் நேராக டாக்டரிடம்தான் ஓடியிருப்போம். கடற்கரைக்குப் போகிறவர்கள் இறங்குவதற்கு முன்பே நாய்க்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிடுங்கள்.