என்லாஜர் லென்ஸைக் கமராவில் பூட்டிப் படம் எடுக்கலாமா?

பாலைநிழல் (கிளிநொச்சி)

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஒரு ஸ்டூடியோவின் சாமான்களை அதன் உரிமையாளரின் மகன் விற்றபோது, 80 மி.மீ. எஃப் 5.6 துளை அளவுள்ள எல்-நிக்கோர் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். நெகட்டிவ்வைப் பெருப்பித்துக் கடதாசியில் விழுத்தும் என்லாஜர் கருவிக்கான லென்ஸ் அது. என்லாஜரின் தூண் துருப்பிடித்து வளைந்திருந்தது. லென்ஸை மட்டும் யாரோ பால்மா ரின் ஒன்றுக்குள் ஒரு சுண்டு அரிசியோடு போட்டு மூடி வைத்திருந்தார்கள். அந்த அரிசியின் புண்ணியத்தில் கண்ணாடியில் ஒரு பூஞ்சணப் புள்ளிகூட இல்லை.

39 மி.மீ. மரையை 42 ஆக்கும் றிங், 25 முதல் 55 மி.மீ. வரை நீளும் ஹெலிக்கொயிட் (திருகித் தூரத்தைச் சரிசெய்யும் குழாய்), பென்டக்ஸ் பூட்டுக்கான றிங் ஆகியவற்றை வரிசையாக இணைத்து, அந்த லென்ஸை எனது பென்டக்ஸ் கே1000 கமராவில் பூட்டினேன். முடிவிலியும் எட்டியது, அதாவது மிகத் தூரத்துக் காட்சியும் தெளிந்தது. எச்பி5 கறுப்பு வெள்ளை பிலிம் றோல் ஒன்றை முழுவதும் எடுத்துக் கழுவிப் பார்த்ததில், கமராவோடு வந்த 50 மி.மீ. லென்ஸைவிட இது கூர்மையாக இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இருட்டறைகள் மூடப்பட்டுவிட்ட இக்காலத்தில், அலுமாரிகளில் முடங்கிக் கிடக்கும் இந்த லென்ஸ்களையெல்லாம் கமராக்களில் பூட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதலாம்.

செவ்வொளி (வவுனியா)

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. லென்ஸ் எந்த வேலைக்காகக் கணக்கிடப்பட்டதோ அந்த வேலையிலேயே அதன் முழுத் திறமை வெளிப்படும். 80 மி.மீ. என்லாஜர் லென்ஸ் ஒன்று ஏறத்தாழ 2 முதல் 10 மடங்கு வரையான பெருப்பிப்புக்காகவே வடிவமைக்கப்படுகிறது. பத்து மடங்கு பெருப்பிக்கும்போது லென்ஸுக்கும் கடதாசிக்கும் இடையிலான தூரம் 880 மி.மீ. மட்டுமே. அதாவது, அந்த லென்ஸ் தன் வாழ்நாளில் ஒரு மீற்றருக்கு அப்பால் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதனை எடுத்து இரணைமடு அணைக்கட்டிலிருந்து அக்கரை மரங்களைப் பார்க்கச் சொல்வது, தையற்காரரிடம் கூரை வேயக் கொடுப்பதைப் போன்றது. அவர் எப்படியோ வேய்ந்துவிடுவார், ஆனால் மாரி மழை வந்தால் தெரியும்.

வெளிச்சச் சிதறல் இன்னொரு பிரச்சினை. இருட்டறையில் நெகட்டிவ்வின் ஊடாக வரும் ஒளியைத் தவிர வேறெதுவும் லென்ஸின் மேல் படுவதில்லை. ஆகவே செய்தவர்கள் அதற்கு வெயில் மறைப்பு எதனையும் வைக்கவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையின் வெள்ளை மணலில், உச்சி வெயிலில் அதனைத் திறந்தால் நிழல்களெல்லாம் சாம்பல் பூத்துப் போகும்.

எனது பெரிய மனக்குறை வேறு. இருட்டறைகள் மூடப்பட்டுவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். என்னுடையது மூடப்படவில்லை. நல்ல லென்ஸ்களையெல்லாம் கமராக்காரர்கள் கழற்றிக்கொண்டு போனால், எஞ்சிய என்லாஜர்களை வெறும் விளக்குக் கம்பமாகத்தான் பயன்படுத்த வேண்டும்.

கனகராயன் (மாங்குளம்)

இருவரின் வாதத்துக்கும் இடையில் மரையைப் பற்றி ஒரு சொல். இந்த 39 மி.மீ. மரை 1930களின் லைக்கா கமராவிலிருந்து வந்தது. அங்குலத்துக்கு 26 புரி. 1954இல் எம்3 கமரா வந்தபோது லைக்கா வேறு பூட்டுக்கு மாறத் தொடங்கியது, ஆனால் என்லாஜர் செய்வோர் பழைய மரையையே தொடர்ந்தார்கள். பழைய செனிட் கமராக்களின் மரையும் 39 மி.மீ. தான், ஆனால் அதில் புரி இடைவெளி சரியாக 1 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது சுற்றில் இறுகும்போது கைக்குத் தெரியும். விவரம் எழுதாமல் விற்கப்பட்ட றிங் ஒன்றை வாங்கி, இறுகியதையும் பொருட்படுத்தாமல் திருகியதால், எனது 50 மி.மீ. கொம்பொனன்-எஸ் என்லாஜர் லென்ஸின் மரை ஒரு பக்கம் தேய்ந்து போயிற்று.

அதே லென்ஸை, லைக்கா மரையுள்ள சோர்க்கி கமராவில் நேரடியாகவும் திருகிப் பார்த்தேன். மரை அழகாகப் பொருந்தியது. படம்தான் ஒன்றும் தெளியவில்லை. அந்தக் கமராவில் மரையிலிருந்து பிலிமுக்கு 28.8 மி.மீ. தூரமே உண்டு. 50 மி.மீ. என்லாஜர் லென்ஸுக்கு அது போதவே போதாது.

இன்னொன்று: அந்த லென்ஸில் இருட்டில் எஃப் எண்களை வாசிப்பதற்காகப் பின்புறத்திலிருந்து ஒளியைக் கொண்டுவரும் சிறு சாளரம் உண்டு. கமராவில் பூட்டினால் அதே வழியாக வெளியொளி உள்ளே போகிறது. முதல் றோல் முழுவதும் ஓரத்தில் புகை படிந்ததுபோல் வந்தபின்தான் கறுப்பு ரேப் ஒட்ட வேண்டும் என்று கண்டுபிடித்தேன்.

பாலைநிழல்

கனகராயன் அண்ணாவுக்கு நன்றி. என்னுடையது பழைய உலோக உடல், அதில் சாளரம் இல்லை.

செவ்வொளி ஐயாவின் 880 மி.மீ. கணக்கை ஏற்றுக்கொள்கிறேன்; அந்தக் கணக்கே என் பக்கமும் பேசுகிறது. சென்ற கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அம்மா ஒருவர் தம் மகனின் பாஸ்போட் அளவுப் படத்தைக் கொண்டுவந்தார். வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரே படம் அதுதான். 2009வரை ஒவ்வோர் இடப்பெயர்வின்போதும் அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக் கொண்டு போயிருக்கிறார். வியர்வை பட்டு ஓரங்கள் மஞ்சளாகி, நடுவில் மடிப்பு விழுந்து, ஒரு மூலையில் ஸ்டூடியோவின் அமுக்கு முத்திரை பாதி தெரிகிறது. வேறிடத்துக்கு அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. நான் படம் எடுக்கும்போதும் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தார்.

35க்கு 45 மி.மீ. அளவுள்ள அந்தப் படத்தை 24க்கு 36 மி.மீ. பிலிமில் முழுவதும் அடக்கினேன். 80 மி.மீ. லென்ஸுக்கு முடிவிலி நிலையிலிருந்து மேலும் 55 மி.மீ. நீளம் தேவைப்பட்டது, அதற்கு ரியூப்களையும் (நீளம் கூட்டும் வெற்றுக் குழாய்கள்) சேர்த்தேன். படத்துக்கும் லென்ஸுக்கும் இடையில் ஏறத்தாழ 20 செ.மீ. கிடைத்தது, 50 மி.மீ. லென்ஸாக இருந்தால் 12 செ.மீ. தான், கமராவின் நிழலே படத்தின் மேல் விழுந்திருக்கும். நீட்டியதால் ஒன்றரை ஸ்டொப் வெளிச்சம் குறைகிறது (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது), ஆனால் கே1000இன் மீற்றர் லென்ஸின் ஊடாகவே அளப்பதால் நான் தனியாகக் கணக்குப் பார்க்கவில்லை. எஃப் 8இல் எடுத்த நெகட்டிவ்வை லூப் (பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தபோது, கண் இமையும் மூலையில் இருந்த முத்திரையின் எழுத்துகளும் ஒரே அளவு கூர்மையாக இருந்தன. சாதாரண 50 மி.மீ. லென்ஸில் ரியூப் போட்டு எடுத்தபோது நடு தெளிந்தது, மூலை குழைந்தது. தட்டையான நெகட்டிவ்வைத் தட்டையான கடதாசியில் விழுத்துவதற்கென்றே பிறந்த லென்ஸ் தட்டையான படத்தைப் பிரதி எடுப்பதில் தோற்குமா?

செவ்வொளி

பிரதி எடுக்கும் விடயத்தில் நான் விட்டுக்கொடுக்கிறேன், ஆனால் முழுவதுமாக அல்ல. உங்கள் படத்தில் விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றரை; நான் சொன்ன 2 மடங்கு என்ற கீழ் எல்லைக்கும் அது குறைவு. எஃப் 8க்கு மூடியதால்தான் பிழைத்தீர்கள். மேலும் மூடாதீர்கள், கூர்மை குறையும்: அந்த நீட்டத்தில் எஃப் 8 என்பதே நடைமுறையில் எஃப் 13.5 ஆகிவிடுகிறது. பொருளைவிடப் படம் பெரிதாக வரவேண்டிய வேலைகளில், எறும்பு, நெல்மணி போன்றவற்றில், லென்ஸைத் திருப்பிப் பூட்ட வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆளைப் படம் எடுப்பதில் என் கருத்து மாறவில்லை. ஒன்றரை மீற்றர் தூரத்தில் முகத்தை எடுக்கும்போது, மூலைவரை ஒரே தளத்தில் தெளியும் தட்டையான புலத்தால் எந்தப் பயனும் இல்லை. எஃப் 5.6இல் திறந்து தெளிவு பார்த்து, பிறகு கையால் 8க்கு மூடி, அதற்குள் பிள்ளை திரும்பிவிட, மறுபடி திறக்க வேண்டியிருக்கும். பெல்லோஸில் (நீளும், சுருங்கும் மடிப்புத் துருத்தி) பூட்டுவோருக்கு முடிவிலியும் இலகுவில் கிடைக்காது: நிக்கோன் உடலில் பூட்டிலிருந்து பிலிமுக்கு உள்ள 46.5 மி.மீ. தூரத்தோடு, முழுவதும் சுருக்கிய பெல்லோஸின் 40 மி.மீ. அளவையும் கூட்டினால் 86.5 ஆகிறது. 80 மி.மீ. லென்ஸ் அதைத் தாண்டாது; 105 மி.மீ. லென்ஸ் தாண்டும்.

ஒரு கேள்வி. அந்த அம்மாவுக்கு எதைக் கொடுத்தீர்கள்? நெகட்டிவ்வையா?

பாலைநிழல்

ஸ்கான் செய்து, கடையில் அச்சிட்டுக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த அச்சு எனக்குத் திருப்தியாக இல்லை. நெகட்டிவ்வில் தெரிந்த முத்திரை எழுத்துகள் அதில் இல்லை, முகத்தின் நிறமும் ஊதா சாய்ந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பழைய படத்தையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்துக் காட்சிகள் பற்றி நாம் இன்னும் சண்டை பிடிக்கலாம்; கறுப்புக் கடதாசியை உருட்டி மறைப்புச் செய்து, மாலை வெயிலை எதிர்த்து எடுத்த மூன்று பிரேம்கள் என்னிடம் உண்டு, அவற்றில் நிழல் கறுப்பாகவே இருக்கிறது.

செவ்வொளி

அந்த மூன்று பிரேம்களையும் பார்த்த பிறகுதான் நம்புவேன். அந்த நெகட்டிவ்வையும் உங்கள் 80 மி.மீ. லென்ஸையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வவுனியாவுக்கு வாருங்கள். என்னிடம் இருப்பது 50 தான், அதன் கண்ணாடியில் பூஞ்சணம் படர்ந்து பல காலம். எனது என்லாஜரின் பலகையிலும் அதே 39 மி.மீ. மரைதான், றிங் ஒன்றும் தேவையில்லை. ஃபைபர் அச்சுக் கடதாசி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.