இட்லிப்பூச் செடிகளை எப்போது இடம் மாற்றுவது?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டின் மேற்குச் சுவரையொட்டி, என் அம்மா ஆறு ஆண்டுகளுக்கு முன் நட்ட ஐந்து இட்லிப்பூச் செடிகளில் நான்குதான் மீதமுள்ளன. அவையும் நாளுக்கு நாள் நலிந்து வருகின்றன.

சென்ற தை மாதம் சுற்றுச்சுவரைப் புதிதாகக் கட்டிப் பூசிய பிறகுதான் இச்சிக்கல் தொடங்கியது. கொழுந்து இலைகள் மஞ்சளாகின்றன, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. மொட்டுகள் விரியாமலே உதிர்கின்றன. சிமெண்டுக் கலவையின் சுண்ணாம்பு மண்ணில் இறங்கியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு, ஏனெனில் காரம் மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் இச்செடியின் வேர் அதை எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரும் குடத்தில் வெள்ளையாக உப்புப் படியும் கடின நீரே.

மண்புழு உரம் இட்டேன். இரும்புச் சத்து தரும் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவை இலைகளில் தெளித்தேன்; சற்றுப் பச்சை பிடித்த இலைகள் ஒரு மாதத்தில் மீண்டும் வெளுத்தன. வைகாசியில், கத்திரி வெயில் முடியுமுன் அவசரப்பட்டு ஒரு செடியைப் பெயர்த்துக் கிழக்குப் பக்கம் நட்டதில், வேரைப் பற்றியிருந்த மண் உதிர்ந்து, அது பத்தே நாளில் காய்ந்துபோனது. அம்மா இன்றும் அந்த இடத்தைப் பார்த்தபடி நிற்கிறார்.

மற்றவை ஏறத்தாழ மூன்றடி உயரம். கிழக்கில் செம்மண்ணும் மட்கிய மாட்டெருவும் கலந்த குழிகள் தயாராக உள்ளன. கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு இந்த ஆவணியிலேயே இடம் மாற்றலாமா, அல்லது ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டுமா?