கிரான்ஸ் மைதானத்தில் மீட்டரும் யார்டும்

போன வருடம் செப்டம்பர் கடைசியில் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில் ஒரு நாள் கோல்ஃப் ஆடக் கிடைத்தது. கீழே சியேர் ஊரில் கம்பிவட ரயில் ஏறினால், சுமார் 900 மீட்டர் உயரத்தைப் பன்னிரண்டே நிமிடத்தில் ஏறிவிடுகிறது. காதடைப்பு சரியாவதற்குள் ஊர் வந்துவிட்டது.

மைதானம் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, பந்து கூடுதலாகப் பறக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன். நான் ஆடிப் பழகியது யார்டு கணக்கில், அங்கே எல்லாம் மீட்டர். ஒரு ஹோலில் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரைக்கு, 135 மீட்டர் இருந்தது. மனக்கணக்குப் போட்டு 148 யார்டு என்று முடிவு செய்து, எனக்கு எப்போதும் 150 யார்டு போகும் 7 அயர்ன் மட்டையை எடுத்தேன். நன்றாகவே பட்டது. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் வைஸ்ஹார்ன் சிகரம் வெள்ளை வெளேரென்று நின்றது. அந்த வெள்ளையில் காணாமல் போன பந்து, மறுபடி நீல வானத்தில் தெரிந்தபோது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் கிரீனைத் தாண்டிப் பதினைந்து தப்படி தள்ளிப் புல்லில் கிடக்கிறது.

கூட ஆடிய உள்ளூர்ப் பெரியவர், "கணக்கை மாற்றாதீர்கள். 135 என்று போட்டிருந்தால் 135 யார்டு என்றே நினைத்து அடியுங்கள்" என்றார். யோசித்தால் சரிதான். மீட்டரை யார்டாக்கினால் எண் ஒன்பது பத்து சதவீதம் ஏறுகிறது. உயரத்தால் பந்தும் கிட்டத்தட்ட அதே அளவு கூடுதலாகப் போகிறது. இரண்டும் கழிந்துவிடும். அடுத்து அதே தூரம் வந்தபோது, 7-ஐ விடக் குறைவாகப் போகும் 8 அயர்ன் எடுத்தேன், கொடிக்கு மூன்று தப்படியில் விழுந்தது.

அப்புறம் பட்டிங், அதாவது கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவது. பல கிரீன்களில் பந்து ரோன் பள்ளத்தாக்குப் பக்கமே இழுக்கிறது. இடப்புறம் சரிவு என்று கண் சொல்லும், பந்து வலப்புறம் உருளும். மலையே சாய்ந்திருக்கும்போது சமதளம் எது என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அன்று முழுக்க இதில் எனக்குத் தேர்ச்சி வரவில்லை.

*

மேலே எழுதியவரைப் போல நானும் கிரான்ஸில் ஆடியிருக்கிறேன். நான் போனதே 18-ஆவது ஹோலுக்காக. 1993-இல் அங்கே நடந்த ஐரோப்பியன் மாஸ்டர்ஸ் போட்டியில், அந்த ஹோலில் ஸ்பெயின் வீரர் செவே பாலஸ்டெரோஸின் முதல் அடி வலப்பக்கம் விலகி, ஒரு நீச்சல்குளத்தின் மதில் அருகே மரங்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பக்கவாட்டில் தட்டி வெளியே எடுக்கச் சொல்லி, மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளரான கேடி மன்றாடினார். செவே கேட்கவில்லை. கிளைகளுக்கு நடுவே மதிலுக்கு மேலே, பந்தை உயரக் கிளப்பும் வெட்ஜ் மட்டையால் தூக்கி அடித்தார். பந்து கிரீனுக்குச் சற்று முன்னால் போய் நின்றது, அங்கிருந்து சிப் எனும் குட்டை அடி ஒன்றிலேயே குழிக்குள். பேர்டி, அதாவது அந்த ஹோலுக்கு வகுத்த அடிகளைவிட ஒன்று குறைவு! கோப்பை அந்த வருடம் பாரி லேனுக்குத்தான் போனது. ஆனால் அந்த இடத்தில் தகடு பதித்திருப்பது செவேவுக்கு.

நான் அங்கே போய் நின்றேன். மதில் என் உயரம், இரண்டு எட்டில் தொட்டுவிடலாம். வெட்ஜின் முகத்தை நன்றாகத் திறந்து, அடிக்காமல் தரையில் மட்டும் வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் எதிரே மதில்தான் தெரிந்தது.